நீலம் போடாத அச்சு

ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டுமாம். ‘இறுதியாண்டுப் படைப்பை உருவாக்கியதில் உங்கள் வளர்ச்சியும், நீங்கள் சந்தித்த சவால்களும்.’ அதைக் கொடுத்தால்தான் சான்றிதழ் கைக்கு வரும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் வகுப்பில் எல்லோரும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வாங்கிப் படித்துப் பார்த்தேன். எல்லோரும் பொறுமையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பேராசிரியரின் மேலான வழிகாட்டுதல் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் பிசைந்தோம். இவ்வளவு பொறுமைசாலிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் பொறுமையைக் கற்றுக்கொள்ளவில்லை. இருந்த கொஞ்சத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிறேன். அதை ஒரு பக்கத்தில் அடக்க எனக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு வேறு எதையாவது எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். நடந்தது இதுதான்.

எங்கள் சிற்பத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பேராசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவார். ஒவ்வொருவரின் வேலைக்கு முன்னாலும் நிற்பார். பிடிக்கவில்லை என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். ஏதோ இருக்கிறது என்று பட்டால் கை முன்னால் வரும். கட்டைவிரலை ஈர மண்ணில் வைத்து ஓர் அழுத்து, ஓர் இழுப்பு. மூக்கு மாறிவிடும், தாடை மாறிவிடும். இதற்குப் பெயர் கை வைப்பது. “சார் உன்னோடதுல கை வச்சாரா?” என்று விசாரித்துக்கொள்வார்கள். கை வைக்கப்பட்டவர்களுக்கு அன்றைக்குக் கால் தரையில் படாது. அந்த இடத்தை மட்டும் கடைசிவரை தொடாமல் பத்திரமாகக் காப்பாற்றுவார்கள். ஆண்டுக் கண்காட்சியில் வரிசையாகத் தலைகளை வைத்திருப்போம். யார் பெற்ற பிள்ளையானாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தாடை இருக்கும்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கட்டைவிரல். அவர் வேலை தெரியாதவர் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு வாரம் போராடிச் செய்யும் காதை அவர் பேசிக்கொண்டே செய்துவிடுவார். அதனால்தான் கோபம் இன்னும் கூடுதலாக வருகிறது. தெரியாதவன் கெடுத்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

இறுதித் தேர்வில் முதலில் வருகிறவருக்குத் துறையின் பின்பக்கத்தில் ஓர் அறை தருவார்கள். ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய், மண் தொட்டி, கனம் தாங்கும் மேசை, உள்ளே போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள். எனக்கு அந்த அறை வேண்டும். வேறு யாருக்கும் போகக் கூடாது என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டில் நான் வேலை செய்யும் இடம் குளியலறைத் தரை. சாக்கடை அடைத்துக்கொண்டால் அம்மா தெருவுக்கே கேட்கும்படி என் படிப்பைப் பற்றிப் பேசுவாள். ஒருநாள் சோப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே மண்ணில் செய்த காது இருந்ததாம். கட்டின புருஷன் காதைத் தேய்த்துக் குளிக்கிற கொடுமை யாருக்கும் வரக் கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காது அப்பாவுடையது. இறுதி வேலைக்கு அவரைத்தான் தலையிலிருந்து மார்பு வரை செய்தேன். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில் அவர் தையல்காரர். கனமான ரெக்சினை இயந்திரத்துக்கு அடியில் தள்ளித் தள்ளி வலது தோள் இறங்கிவிட்டது. ஊசியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் போய்விட்டது, பிடரிக்குக் கீழே ஒரு மேடு எழும்பிவிட்டது. அப்பா வீட்டுக்குள் வந்தால் முதலில் முகம் வரும், ஆள் அப்புறம்தான் வருவார் என்று அம்மா கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

விடுமுறை நாட்களில் கல்லூரிக்கு வந்து எனக்கு முன்னால் முக்காலியில் உட்காருவார். வலது கால் சும்மா இருக்காது. இல்லாத மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும். முதலில் செய்த தலைகள் எல்லாம் பாழ். கண் சரியாக இருக்கும், மூக்கு சரியாக இருக்கும், யாரோ ஒரு மாமா மாதிரி இருப்பார். எத்தனையோ தடவை பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒருநாள் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய் நின்று பிடரியிலிருந்து ஆரம்பித்தேன். அந்த மேட்டை வைத்தேன், கழுத்தை முன்னால் தள்ளினேன், தோளை இறக்கினேன். முகத்தில் இன்னும் கண்கூட இல்லை. ஆனால் அப்பா வந்துவிட்டார். வளர்ச்சி என்று ஒன்று எனக்கு இருந்தால் அது அந்தச் சாயங்காலம்தான்.

அதற்கு அடுத்த வாரம் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. கருவிகளைக் கழுவப் போனேன். திரும்பி வரும்போது என் மேடையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் கட்டைவிரல். இந்தத் தடவை விரலோடு நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உள்ளே மண்ணைத் தாங்கும் கம்பிக்கூடு மடங்குகிற சத்தம் எனக்கு வாசல்வரை கேட்டது. மரக்கத்தியால் பிடரி மேட்டை ஒரே சீவாகச் சீவினார். சீவிய மண்ணையே உருட்டி இறங்கிய தோளில் அப்பி மட்டம் செய்தார். பிறகு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

“பாரம் தெரிஞ்சுது, மனுஷன் தெரியல,” என்றார். “இப்ப பாரு. கம்பீரம்.”

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு வயிற்றிலிருந்து நெருப்பு கிளம்பித் தொண்டைவரை வந்தது. தொண்டைக்கு மேலே வரும்போது அது ‘தேங்க்ஸ் சார்’ ஆகிவிட்டது. எங்கள் துறையில் அந்த வார்த்தை தானாக வரும்படி பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போய்த் தலையை மறுபடி முன்னால் தள்ளிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போனால், எனக்கு முன்னாலேயே அப்பா வந்து நிற்கிறார். கடைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். மண் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் வந்து நின்று தன் தோளை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார். “பரவால்லையே, நல்லாத்தான் வந்திருக்கேன்,” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டார். அன்றைக்கே அது அவருடைய போன் முகப்பில் ஏறிவிட்டது. கடையில் எல்லோரிடமும் காட்டினாராம். பட்டாளத்தில் இருந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று யாரோ சொன்னார்களாம். வீட்டில் சாப்பிடும்போது இதை அவர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். எனக்கு என்ன கேடு என்று அம்மா கேட்டாள். பதில் சொன்னால் அப்பாவின் முகம் விழும். சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போலிருந்தது.

தலையைத் திரும்ப முன்னால் தள்ள மனம் வராமலே, பிளாஸ்டர் ஊற்ற எனக்குக் குறித்துக் கொடுத்த நாள் வந்தது. தள்ளிப்போட முடியாது. அந்த நிமிர்ந்த தலையையே அச்சு எடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அச்சு வேலை இப்படி. மண் சிற்பத்தின் மேல் முதலில் பிளாஸ்டரை மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவோம். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் அதில் கலந்துவிடுவோம். அதற்கு மேல் வெள்ளையாகக் கனத்த பூச்சு. காய்ந்ததும் அச்சை இரண்டாகப் பிரித்து, மண்ணை நோண்டி எடுத்துவிட்டு, உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி சேர்த்துக் கட்டி, வெற்றிடத்தில் புதுப் பிளாஸ்டர் ஊற்றுவோம். இறுகிய பிறகு உளியும் சுத்தியலுமாக அச்சை உடைத்து எடுக்க வேண்டும். வெள்ளையை உடைத்துக்கொண்டே போனால் நீலம் தெரியும். நீலம் தெரிந்தால் சிற்பம் அடுத்து இருக்கிறது, கையை அடக்கு என்று அர்த்தம். மண்ணும் போய்விடும், அச்சும் போய்விடும், மிஞ்சுவது உள்ளே இருக்கிற அந்த ஒன்றுதான்.

நான் நீலம் போடவில்லை. பொட்டலம் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. கோபம் தலைக்கேறிய நிலையில் பிளாஸ்டரை அள்ளி அந்தக் கம்பீரத்தின் மேல் அறைந்துகொண்டிருந்தேன். நீலம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. முதல் வருடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

உடைக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. உடைக்கிறேன், வெள்ளை. இன்னும் உடைக்கிறேன், வெள்ளை. உள்ளே இருப்பதும் வெள்ளை. அச்சு எங்கே முடிகிறது, அப்பா எங்கே ஆரம்பிக்கிறார் என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. ஒரு அடியில் இடது காதின் நுனி போயிற்று. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுத் திட்டினேன். என்னை, பேராசிரியரை, நீலத்தை, பட்டாளத்தை, எல்லாவற்றையும்.

திட்டி முடித்ததும் வேறு வழி தெரியவில்லை. கண்ணை நம்ப முடியாது. எனவே கையால் தடவி, அப்பாவை நினைத்துக்கொண்டு, இங்கே கன்னம் இருக்கும், இங்கே தாடை இருக்கும் என்று நானே முடிவு செய்து செதுக்கினேன். முகம் அப்படித்தான் வெளியே வந்தது. பிறகு பிடரிக்குப் போனேன். அங்கே சோப்பு சரியாகப் படவில்லை போலிருக்கிறது, அச்சு உள்ளே இருப்பதோடு ஒட்டிக்கொண்டு பெயர மறுத்தது. உளியை வைத்து ஓங்கிய கையோடு அப்படியே நின்றேன். சீவப்பட்ட மேடு அந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தது.

நான் அதை உடைக்கவில்லை. ஓரங்களை மட்டும் சரித்து, கழுத்தோடு சேர்த்து இழைத்துவிட்டேன்; அதிலேயே தலை முன்னால் போனது போலாயிற்று. அடுத்து வலது தோள். அங்கே அச்சு முடிந்து சிற்பம் வந்துவிட்டது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. நிறுத்தவில்லை. அப்பி ஏற்றிய தோள் அப்பாவின் தோள் ஆகும்வரை வெட்டி இறக்கினேன், மார்பை உள்வாங்க வைத்தேன். கை முழுக்கக் கொப்புளம். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, யாராவது பின்னால் வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தேன்.

தேர்வன்று வெளித் தேர்வாளராக ஓர் அம்மாள் வந்திருந்தார். அவரும் சிற்பி, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. என் வேலையை இரண்டு தடவை சுற்றி வந்து, பிடரியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, இங்கே மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். நீலம் போட மறந்ததை, அச்சு ஒட்டிக்கொண்டதை, தோளை வெட்டியதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

“அப்ப இது தப்பா, முடிவா?” என்றார்.

“முதல்ல தப்பு மேடம். அப்புறம் முடிவு.”

அவர் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. தான் கை வைத்த வேலை இது, அருமையாக நிமிர்ந்து நின்றது, இந்தப் பெண் கெடுத்துவிட்டாள் என்று ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாகக் கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. கட்டைவிரல் நேராகப் பிடரிக்குப் போய் அழுத்தி இழுத்தது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, பழக்கம். விரல் வழுக்கிக்கொண்டு போய் நகத்தில் வெள்ளைப் பொடி ஏறியதுதான் மிச்சம்.

“அது இறுகிடுச்சு சார்,” என்றேன். “இனிமே கை வச்சா உங்க கைதான் வலிக்கும்.”

வந்த அம்மாள் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. என் நாக்கு எனக்கு எதிரி என்று அம்மா சொல்வது வழக்கம். அன்றைக்கு அதை நான் எதிரியாக நினைக்கவில்லை.

மறுநாள் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். மிகவும் அமைதியாகப் பேசினார். வெளித் தேர்வாளர் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார், ஆனால் அறை யாருக்கு என்பது துறையின் முடிவு, அதாவது அவர் முடிவு. கண்காட்சி திறந்து அது முடியும்வரை எனக்கு நாள் இருக்கிறது. அரைக் கிண்ணம் பிளாஸ்டர் போதும். பிடரியைத் தட்டி எடுத்துவிட்டுத் தோளை ஏற்றிவிட்டால் அறைச் சாவி இதோ இந்த மேசையில்தான் இருக்கிறது. என் நன்மைக்காகத்தான் சொல்கிறாராம். சாவியை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

“மாட்டேன் சார்.”

திமிர் என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. வீட்டில் அறை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் இன்னும் ஒரு வருடத்துக்குத் தான் காதோடுதான் குளிக்க வேண்டுமா என்று அம்மா கேட்டாள். பிளாஸ்டரில் தன்னை அப்பா இன்னும் பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நான் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

கண்காட்சிக்கு அப்பா நேராகக் கடையிலிருந்து வந்தார். சட்டையை மாற்றியிருந்தார், ஆனால் முழங்கையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. தனியாக வரவில்லை. முதலாளியையும் அழைத்து வந்திருந்தார். போனில் பார்த்ததை நேரில் காட்டுவதற்கு.

முதலாளி சிற்பத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி சிற்பத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முதுகில் தட்டிச் சிரித்தார்.

“அச்சு அசலா நீயேதான்யா.”

எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் உண்மையானது. அதைச் சொன்ன வாய்தான் இத்தனை வருடமாக அந்தக் கழுத்துக்கு மேலே நின்று சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய். அவர் தட்டிய இடம்கூடப் பிடரி மேட்டில்தான் பட்டது. பிறகு முதலாளி டீ மேசைப் பக்கம் போனார்.

அப்பா சிற்பத்துக்கு முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு பெண்கள் பார்க்க வந்தும் அவர் நகராமல் நின்றபோதுதான் புரிந்தது.

“போட்டோல இருந்தது எங்கம்மா?”

அது சார் செய்தது, இது நான் செய்தது என்றேன்.

“அவர் நிமித்தி வச்சத நீ எதுக்கும்மா குனிய வச்ச?”

“உங்கள குனிய வச்சது நான் இல்லப்பா.” சத்தமாகவே சொல்லிவிட்டேன். டீ மேசைக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அப்பா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கறேன். அந்தப் போட்டோவுல கொஞ்ச நாள் நிமிந்து இருந்தேன்ல.”

அவர் சிற்பத்தின் பிடரியை விரலால் தொட்டார். பேராசிரியரைப் போல அழுத்தவில்லை, சும்மா தொட்டார்.

“இத மறுபடி சரி பண்ண முடியுமா?”

முடியும். பிளாஸ்டரை நனைத்து மேலே புதிதாக ஒட்டுவது முதல் வருடப் பிள்ளைகளுக்கே தெரிந்த வேலை. ஒரு மணி நேரத்தில் அவரை நிமிர்த்திவிடலாம். அறைச் சாவியும் கைக்கு வரும். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. நிமிர்த்திக் காட்டி ஆசை கிளப்பிய மனிதர் மேல், அப்பால் நின்று டீ உறிஞ்சிக்கொண்டிருந்தவர் மேல், ஒரு கழுத்துக்காக என்னிடம் கெஞ்சுகிற அப்பா மேல், அவரைக் கெஞ்ச வைத்த என் மேல். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. பேராசிரியரிடம் மாட்டேன் என்று சொன்ன எனக்கு, அவரிடம் அந்த வார்த்தை வரவில்லை.

“முடியாதுப்பா,” என்றேன். “இறுகிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

அப்பா உடனே நம்பிவிட்டார். ரெக்சினும் அப்படித்தான், வெட்டியது வெட்டியதுதான், சரி விடு என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.